தோரியத்தின் வழித்தோன்றல்களும் இலங்கைக் கனிப்பொருள்களும்

நிலைத்து நிற்கும் பொருளை அளத்தற்குக் கோலும் தராசும் போதும். கையிற் கொள்ளுமுன்னரே அழிந்தொழியும் பொருளை அளப்பது எங்ஙனம் என்னும் வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவெய்தும் வேளையிற் பௌதிக அறிஞர் முன் எழுந்தது. அதற்குக் கிடைத்த விடையின் வரலாறு கனடாவிலே தொடங்கி, இலண்டனிலும் பேளினிலும் வளர்ந்து, ஸ்கொத்லாந்திலே முற்றுப்பெற்றது. அவ்வரலாற்றின் இரு முக்கிய கட்டங்களில் இலங்கை மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட கனிப்பொருள்கள் சான்று பகர்ந்தன என்பதை இந்நாட்டு மாணவர் பலர் அறியார்.

1896ஆம் ஆண்டிலே பெக்கரல் என்னும் பிரெஞ்சு அறிஞர் யுரேனிய உப்புக்கள் கண்ணுக்குப் புலனாகாக் கதிர்களை இடையறாது வீசுதலைக் கண்டார். தோரியமும் அத்தகையதே என்பதை 1898இல் யேர்மனியைச் சேர்ந்த சிமிற் என்பாரும், பாரிசிலே மரி கியூரி அம்மையாரும் தனித்தனியே கண்டறிந்தனர். தோரியம் அக்காலத்தில் வணிகர் நன்கறிந்த பொருள். வாயு விளக்குக்களின் வலைத்திரிகளைத் தோரிய நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்தே செய்தனர். யாழ்ப்பாணத்துக் கலியாணப் பந்தல்களில் ஒரு காலத்தில் ஒளி வீசிய பெற்றோமக்ஸ் விளக்கின் மென்ரிலும் அவ்வினத்ததே.

1898ஆம் ஆண்டில், இருபத்தேழு வயதினரான எர்ணெஸ்ட் இரதபோட் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அவர் நியூசீலாந்திற் பிறந்து கேம்பிரிட்சிற் பயின்றவர். அங்கு அவருக்குக் கிடைத்த ஆய்கூடம் அக்காலத்தில் உலகிற் சிறந்தவற்றுள் ஒன்று. அதனைக் கட்டுவித்தவர் மக்டொனால்ட் என்னும் புகையிலை வணிகர். தாம் விற்று வளம்பெற்ற புகையிலையைப் பிறர் புகைத்தலை அவர் அறவே வெறுத்தவர் என்பது வேறு கதை.

அதே பல்கலைக்கழகத்தில் மின்பொறியியற் பேராசிரியராயிருந்த ஓவன்ஸ் 1899இல் தோரியம் ஒட்சைட்டின் கதிர்களை அளக்கலானார். இக்கதிர்கள் பட்ட வளி மின்னைக் கடத்தும். அம்மின்னோட்டத்தை மின்மானியால் அளந்தாற் கதிரின் வலிமை புலப்படும். யுரேனியம் இவ்வளவையில் மாறாது நின்றது. தோரியமோ நிலைகொள்ளவில்லை. ஆய்கூடத்தின் கதவு திறக்கப்பட்டால் மின்னோட்டம் குறைந்தது, மூடப்பட்டாற் கூடியது. கருவியின் பழுதென்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஓவன்ஸ் அங்ஙனம் செய்யாது, வளியின் அசைவே காரணமெனத் துணிந்து, பொருளை மூடிய பாத்திரத்துள் வைத்துச் சோதித்தார். அவர் இங்கிலாந்து சென்றபின் அவ்வினாவை இரதபோட் தம்மதாக்கிக்கொண்டார்.

இரதபோட் தோரியம் ஒட்சைட்டைக் கடதாசியிற் பொதிந்து ஒரு குழாயினுள் வைத்தார். கதிர்கள் கடதாசியைக் கடவா. ஆயினும் குழாயினூடே மெல்லச் செலுத்திய வளி, அப்பாலுள்ள பாத்திரத்தை அடைந்ததும் ஆங்கே மின்னோட்டம் தோன்றிற்று. வளியோடு ஏதோ ஒன்று சென்றது. பஞ்சு அதனைத் தடுக்கவில்லை. அமிலமும் நீரும் தடுக்கவில்லை. மெல்லிய மைக்காத் தகடு தடுத்தது. வாயுவின் நடை இதுவே. அதற்கு அவர் ‘எமனேசன்’ எனப் பெயரிட்டார். வெளிப்போந்தது என்பது அதன் பொருள்.

இனி, வளியோட்டத்தை நிறுத்திவிட்டு, பாத்திரத்தில் எஞ்சிய மின்னோட்டத்தை இரதபோட் செக்கன் கணக்கில் அளந்தார். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அது பாதியாயிற்று. அடுத்த நிமிடத்தில் அப்பாதியின் பாதியாயிற்று. பத்து நிமிடங்களில் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். வாயு மிகுதியாயினும் சிறிதாயினும் பாதியாதற்கு வேண்டிய காலம் ஒன்றே. இன்றைய கணிப்பின்படி அக்காலம் 55.6 செக்கன். 1900ஆம் ஆண்டு தை மாதத்தில் இலண்டன் ‘பிலோசொபிக்கல் மகசீன்’ என்னும் சஞ்சிகையில் வெளிவந்த அக்கட்டுரையே அரைவாழ்வுக்காலம் என்னும் அளவை உலகுக்குத் தந்தது. எமனேசனைக் கண்ட பெருமையிலும் அதனை அளந்த முறையின் பெருமையே பெரிதெனல் மிகையாகாது. நிறுக்கவும் காணவும் இயலாத அப்பொருளை அடையாளங்காணுதற்கு அதன் தேய்வு வீதமே போதுமாயிற்று.

அடுத்த மாதத்து இதழிலே இரதபோட் மற்றொரு புதுமையை வெளியிட்டார். எமனேசன் தங்கிய பாத்திரத்தின் சுவர்களில், வாயு மறைந்த பின்னரும் கதிர்த்தொழிற்பாடு நிலைத்தது. அது பாதியாதற்குப் பதினொரு மணித்தியாலம் வரை சென்றது. மறையேற்றம் பெற்ற கம்பியிலே அது திரண்டு படிந்தது. அரத்தாளால் தேய்த்தால் நீங்கிற்று. அமிலத்திற் கரைந்து, அமிலம் வற்றியபின் கிண்ணத்தில் எஞ்சிற்று. வாயு அழிந்து திண்மமொன்றை விட்டுச் செல்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1900ஆம் ஆண்டிலேயே யேர்மனியின் காலே நகரத்தில் டோர்ண் என்பவர் றேடியமும் இத்தகைய வாயுவை விடுத்தலைக் கண்டார். பாடநூல்கள் பல றேடன் வாயுவைக் கண்டவர் டோர்ணே என உரைக்கும். கியூரி தம்பதியர் 1899இலேயே றேடியத்தின் அயலில் வைத்த பொருள்கள் கதிர்த்தொழிற்பாடு பெறுதலைக் கண்டிருந்தனர். ஆயினும் அது ஒரு சடப்பொருளின் செயலென ஒப்புதற்குப் பியர் கியூரி நெடுநாள் தயங்கினார். முதன்மை யாருடையது என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. வாயு ஒன்றெனக் கொண்டு, அதனை அளந்து, அதன் வழித்தோன்றலையும் காட்டியவருக்கே முதலிடம் உரித்தெனின், அவ்விடம் இரதபோட்டையே சாரும்.

றேடியத்தின் எமனேசன் பாதியாதற்கு வேண்டிய காலம் 3.8 நாள். ஒரு நிமிடத்துக்கும் நாலு நாளுக்கும் இடையேயுள்ள இவ்வேறுபாடு வெறும் கணக்கன்று. தோரிய எமனேசனிற் பெரும்பகுதி பாறையின் துளைகளைக் கடக்குமுன்னரே மாய்ந்துவிடும். றேடிய எமனேசனுக்கோ பாறையினின்று கசிந்து சுரங்கத்தின் வளியோடு கலத்தற்குப் போதிய காலம் உண்டு. சக்சனிக்கும் பொகீமியாவுக்கும் இடைப்பட்ட மலைநாட்டுச் சுரங்கத் தொழிலாளர் இளமையிலே நெஞ்சுநோயால் மாய்ந்தமையை அகிரிக்கோலா 1556இல் வெளிவந்த தம் நூலிற் குறித்தார். அவ்வூர்களில் ஒன்றான சினீபெர்க்கில் அந்நோய் நுரையீரலிற் புற்று என 1879இல் இரு வைத்தியர்கள் காட்டினர். கியூரி தம்பதியர் றேடியம் பிரித்தெடுத்த பிச்பிளெண்டு யோவாகிம்ஸ்தாலிலிருந்து வந்தது, அவ்வூரும் அம்மலைநாட்டதே. எனினும் வாயு உள்ளே சென்று வெளியே வந்துவிடும்போது அத்துணைத் தீங்கு எங்ஙனம் விளையும் என்பது நெடுநாள் விளங்கவில்லை. 1951இல் அமெரிக்க அறிஞர் பேல் அதனை விளக்கினார். தீங்கிழைப்பது பெரும்பாலும் வாயுவன்று. இரதபோட் சுவரிலும் கம்பியிலும் கண்ட திண்மப் படிவு போன்றதே அது. தூசியோடு ஒட்டி நுரையீரலின் சுவரிற் படிந்து, ஆங்கேயே அது தேய்கின்றது. விடை கிட்டிய பின்னரும் கொலராடோ மேட்டுநிலத்து யுரேனியச் சுரங்கங்களிற் காற்றோட்டம் செய்விக்கும் கட்டளை 1967ஆம் ஆண்டு வரை தாமதித்தது. ஆங்கு உழைத்தவருள் நவகோ இனத்தவர் பலர். அவர்தம் குடும்பங்களுக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1990இலேயே நிறைவேறிற்று. அளவைக் கருவிகள் இல்லாமையாற் போன உயிர்களல்ல அவை.

மொன்றியலில் 1901ஆம் ஆண்டின் இறுதியில் இரதபோட்டுக்குத் துணையாக ஒரு இரசாயன அறிஞர் வாய்த்தார். அவர் பிரெடெரிக் சொடி, வயது இருபத்துநாலு. எமனேசன் எவ்வகை வாயு என்பதைச் சொடி சோதித்தார். செந்தணலாய்க் காய்ந்த பிளாற்றினத்தின் மீதும், மகனீசியத்தின் மீதும், நாகத் தூளின் மீதும் அதனைச் செலுத்தினார். எதனோடும் அது சேரவில்லை. ஆர்கன் முதலிய சடத்துவ வாயுக்களின் குலத்ததே அது என்பது பெறப்பட்டது. மக்டொனால்ட் வாங்கிக் கொடுத்த திரவவளிப் பொறியின் உதவியாற் குளிரூட்டியபோது அது உறைந்து குழாயில் தங்கிற்று. தோரியம் ஆர்கன் குலத்து வாயுவொன்றைப் பிறப்பிக்கின்றதெனின் மூலகம் மூலகமாய் மாறுகின்றது என்பதே பொருள். மூலகமாற்றம் என்னும் சொல்லைச் சொடி வாய்விட்டு உரைத்தபோது, தம்மை இரசவாதிகள் என உலகம் எள்ளும் என்று இரதபோட் தடுத்தாராம்.

எமனேசன் தோரியத்திலிருந்து நேரே பிறக்கவில்லை என்பதும் விரைவிற் புலனாயிற்று. தோரிய உப்பின் கரைசலில் அமோனியாவைச் சேர்க்கத் தோரியம் வீழ்படிவாயிற்று. வடிந்த நீரை வற்றச் செய்து கிடைத்த, கண்ணுக்கு அரிதாய்ப் புலப்படும் மீதியிலே கதிர்த்தொழிற்பாட்டின் பெரும்பகுதி இருந்தது. அதற்குத் தோரியம்-எக்ஸ் எனப் பெயரிட்டு, நத்தார் விடுமுறைக்கு ஆய்கூடத்தைப் பூட்டிச் சென்றனர். மூன்று வாரங்களின் பின் திரும்பியபோது தோரியம்-எக்ஸ் தன் வலிமையை இழந்திருந்தது. தோரியமோ இழந்ததை முற்றும் மீளப் பெற்றிருந்தது. உடனே புதிய மாதிரிகளைப் பிரித்து நாடோறும் அளந்தனர். ஒன்று பாதியாதற்கு ஏறக்குறைய நாலு நாள். மற்றது இழந்ததிற் பாதியை மீட்பதற்கும் அதே நாலு நாள். இரண்டின் கூட்டுத்தொகை என்றும் மாறவில்லை.

ஊற்று மாறாது சுரக்க, கசிவோ நீர்மட்டத்துக்கேற்பக் கூடிக்குறையும் குளமொன்றினை இதற்கு ஒப்பிடலாம். சுரப்பும் கசிவும் சமமாகும் மட்டத்திலே குளம் நிற்கும். நீரை முற்றும் இறைத்துவிட்டால் அதே மட்டத்தை மீண்டும் எய்தும். தோரியம் மாறா வீதத்திற் தன் வழித்தோன்றலைப் பிறப்பிக்க, அவ்வழித்தோன்றல் தன் தொகைக்கேற்ற வீதத்தில் அழிகின்றது. எந்த அணு எப்போது அழியும் எனக் கூறல் இயலாது. கூட்டத்தில் எத்தனை பங்கு ஒரு நாளில் அழியும் என்பது மட்டும் திண்ணம். 1902, 1903ஆம் ஆண்டுகளில் இருவரும் வெளியிட்ட கட்டுரைகள் இக்கொள்கையை நிலைநாட்டின. அணு அழியாதது என்னும் பழங்கொள்கை அவற்றோடு முடிவுற்றது. ஆயினும் தோரியத்திலிருந்து நேரே தோரியம்-எக்ஸ் பிறப்பதாக அவர்கள் எண்ணினர். இடையிலே மூன்று தலைமுறைகள் மறைந்து கிடந்தன. அவற்றை வெளிக்கொணர்ந்ததே இலங்கைக் கனிப்பொருள்.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைக் கீழைத்தேயக் கலைகளின் உரையாசிரியராகவே பலரும் அறிவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான அவர் முதலிற் புவிச்சரிதவியலாளர். இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் இயக்குநராக 1903 முதல் 1906 வரை பணியாற்றியவர். சப்பிரகமுவ மாகாணத்துப் பலாங்கொடைப் பகுதியின் இரத்தினக்கற் சரளையில் சதுரமுகங் கொண்ட கரிய பளிங்குகள் கிடைத்தன. அவை நீரினும் ஒன்பது மடங்குக்கு மேற்பட்ட அடர்த்தியுடையன. 1904இல் அவற்றை விவரித்த குமாரசுவாமி யுரேனினைற்று என்னும் கனிப்பொருளெனக் கருதினார். இலண்டன் இம்பீரியல் நிறுவகத்தைச் சேர்ந்த டன்ஸ்ரன் பகுத்துப் பார்த்து, அதில் நூற்றுக்கு எழுபது பங்களவு தோரியம் ஒட்சைட்டே என்று கண்டு, தோரியனைற்று என்னும் புதுப்பெயர் இட்டார். ஈலியம் வாயுவும் அதனுள் மிகுதியாய் அடைபட்டிருந்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஈலிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த சேர் வில்லியம் இராம்சே, றேடியம் பெறுதற்பொருட்டு அக்கனிப்பொருளைப் பெருமளவில் விலைக்கு வாங்கினார்.

அவ்வாண்டின் மாரிகாலத்தில் யேர்மனியிலிருந்து ஒற்றோ கான் என்னும் இளைஞர் அங்கு வந்தார். வந்த நோக்கம் ஆங்கிலம் பயிலுதல். யேர்மன் இரசாயனத் தொழிற்சாலையொன்றில் வேலை பெறுதற்கு அது வேண்டியதாயிருந்தது. தோரியனைற்றிலிருந்து பிரித்த பேரியம் காபனேற்றை இராம்சே அவரிடம் கொடுத்து, அதிலுள்ள றேடியத்தைத் தூய்மைப்படுத்துமாறு பணித்தார். தமக்கு றேடியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதெனக் கான் கூற, அதுவே நன்று, முற்கோளின்றித் தொடங்கலாம் என்று இராம்சே விடையிறுத்தனராம். உப்பை மீண்டும் மீண்டும் பளிங்காக்கிப் பிரித்தபோது, றேடியத்துக்கு உரியதல்லாத ஒரு பகுதி தனித்து நின்றது. அது விடுத்த எமனேசன் ஒரு நிமிடத்திற் பாதியாயிற்று. றேடியத்தின் எமனேசனாயின் நாலு நாள் நின்றிருக்கும். இரதபோட் ஆறாண்டுகளுக்கு முன் அளந்த அவ்வொரு நிமிடமே இஃது தோரியத்தின் வழித்தோன்றல் என்பதற்கு முத்திரையாயிற்று. 1905இல் கான் அதனை வெளியிட்டு ‘றேடியோதோரியம்’ எனப் பெயரிட்டார்.

அறிஞருலகம் உடனே நம்பவில்லை. தோரியம்-எக்சும் மடமையும் சேர்ந்த புதுச் சேர்வையே இது என அமெரிக்கரான போல்ற்வூட் இரதபோட்டுக்கு எழுதிய கடிதத்தில் நகையாடினார். இரதபோட்டும் ஐயுற்றார். கான் அவ்வாண்டிலேயே மொன்றியல் சென்று, அளவைகளை அவர் கண்முன்னே செய்துகாட்டியபின் ஐயம் நீங்கிற்று. போல்ற்வூட்டும் பின்னர் உடன்பட்டார். அவரது ஐயம் பயனின்றிப் போகவுமில்லை. கடைகளில் விற்கப்பட்ட தோரிய உப்பு, கனிப்பொருளிலுள்ள தோரியத்தினும் பாதியளவே கதிர்த்தொழிற்பாடுடையது என அவர் கண்டிருந்தார். பேளினுக்குத் திரும்பிய கான், குனொப்ளர் தொழிற்சாலையிலிருந்து வெவ்வேறு ஆண்டுகளிற் செய்த தோரிய உப்புக்களைப் பெற்று அளந்தார். புதிய உப்பின் வலிமை ஆண்டுதோறும் தாழ்ந்து, பின்னர் மீண்டும் எழுந்தது. தோரியத்துக்கும் றேடியோதோரியத்துக்கும் நடுவே நீடித்து வாழும் மற்றொன்று இருந்தாலன்றி இது நிகழாது. 1907இல் அது மெசோதோரியம் எனப் பெயர் பெற்றது. அதுவும் இருவேறு பொருள்களாதல் விரைவில் தெரிந்தது.

இலண்டனில் நிகழ்ந்தது யாதென்பதும் அப்போதே விளங்கிற்று. மெசோதோரியம் இரசாயனக் குணங்களில் றேடியத்தை முற்றும் ஒத்தது. ஆகலிற் பேரியத்தோடும் றேடியத்தோடும் சேர்ந்து பிரிந்து வந்தது. றேடியோதோரியமோ தோரியத்தை முற்றும் ஒத்தது. தோரியத்தினின்று எவராலும் அதனைப் பிரித்தல் இயலாது. பேரியத்தோடு வந்த மெசோதோரியம் கிடங்கிலே கிடந்து தேய்ந்தபோதுதான், தோரியக் கலப்பின்றி றேடியோதோரியம் பிறந்து, கானின் கைக்கு எட்டிற்று. தோரியம் நிறைந்த அக்கனிப்பொருளும், அதனைப் பகுத்தபின் கழிந்த காலமும் ஒருங்கு அமையாதிருப்பின் அது அன்று வெளிப்பட்டிராது.

இதற்கிடையே அளக்கும் முறைகள் இரு திசையிலும் நீண்டன. றேடிய எமனேசனை மிக மெல்லிய கண்ணாடிக் குழாயினுள் அடைத்து, சுவரை ஊடுருவிய அல்பாத் துணிக்கைகள் வெளிக்குழாயில் ஈலியமாய்த் திரளுதலை 1908இல் இரதபோட்டும் றொயிட்சும் காட்டினர். 1910இல் இராம்சேயும் விற்லோ கிறேயும் ஒரு கன மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கும் நிரம்பாத எமனேசனைத் தாமே அமைத்த நுண்தராசில் நிறுத்தனர். பெற்ற அணுநிறை 223, உண்மை 222. அத்துணைச் சிறு பொருளில் அத்துணைச் சிறு வழுவே நேர்ந்தது வியத்தற்குரியது. தோரிய எமனேசனின் வழித்தோன்றலான தோரியம்-ஏ செக்கனில் ஏழிலொரு பங்கிற் பாதியாகும். இதனை 1911இல் மான்செஸ்ரரில் மோஸ்லியும் பஜான்சும் விரைந்து சுழலும் தட்டின் உதவியால் அளந்தனர். நாலாண்டுகளின் பின் மோஸ்லி கலிப்போலிப் போர்க்களத்தில் இருபத்தேழாம் வயதில் மாண்டார்.

பிரிக்க இயலாத இவ்விணைகளைக் கண்டே, ஒரே மூலகத்துக்கு வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள் உண்டு எனச் சொடி 1913இல் முடிவுசெய்தார். அவற்றைச் சமதானிகள் என்பர். தோரியத்தின் எமனேசனும் றேடியத்தின் எமனேசனும் ஒரே மூலகத்தின் இரு சமதானிகளே. இக்கொள்கை மெய்யாயின், தொடரின் முடிவிலே அதனை நேரே சோதிக்கலாம். தோரியத்தின் நிறை 232. தோரியம் ஈயமாய் முடியுமுன் ஆறு அல்பாத் துணிக்கைகளை வீசும். ஒவ்வொன்றின் நிறையும் நாலு. எஞ்சுவது 208. யுரேனியம் எட்டு வீசி 206இல் முடியும். சாதாரண ஈயத்தின் அணுநிறை 207.2. எனவே தோரியக் கனிப்பொருளினின்று எடுத்த ஈயம் சாதாரண ஈயத்தினும் பாரமாயிருத்தல் வேண்டும். பெரும்பாலான தோரியக் கனிப்பொருள்களில் யுரேனியமும் கலந்திருத்தலால் இச்சோதனைக்கு அவை உதவா. யுரேனியம் மிகக் குறைந்த தோரைற்று இலங்கையிற் கிடைத்தது.

சொடி 1914இற் கிளாஸ்கோவில் கைமன் என்பாருடன் அத்தோரைற்றிலிருந்து சிறிது ஈயம் பிரித்து அணுநிறையை மதிப்பிட்டார். அது சாதாரண ஈயத்தினும் மிகுந்திருந்தது. பின்னர் அபடீனில் அதிகம் பிரித்தெடுத்து, அதன் அடர்த்தி சாதாரண ஈயத்தினும் நூற்றுக்குக் காற் பங்கு கூடியதெனக் கண்டார். அணுக்களின் பருமன் ஒன்றே; நிறை மட்டுமே வேறு. அதே ஈயத்தை வியன்னாவிலே ஓனிக்சிமிட் நுணுகி ஆராய்ந்து, அணுநிறை 207.7க்கு மேற்பட்டதெனக் கண்டார். யுரேனியக் கனிப்பொருளின் ஈயத்துக்கு ஆவாட் பல்கலைக்கழகத்து றிச்சாட்ஸ் கண்டது 206க்குச் சற்றே மேற்பட்ட தொகை. இலங்கைத் தோரைற்றில் எஞ்சியிருந்த சிறிது யுரேனியத்தின் ஈயத்தைக் கழித்துக் கணித்தால், மீதி 208ஐ அணுகும்.